பாப் கிப்சனின் 1968 சீசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பால் அணியான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பிட்சர் (பந்து எறிபவர்) பாப் கிப்சனின் 1968 சீசனைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் 1.12 என்ற ஈ.ஆர்.ஏ. எண்ணில்தான் தொடங்கும். பெரும்பாலும் அங்கேயே நின்றும் விடும். அந்த எண் எதிலிருந்து பிறந்தது, எதைக் காட்டும், எதை மறைக்கும் என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை. கிரிக்கெட் ஸ்கோர் படிக்கத் தெரிந்தால் போதும். பேஸ்பால் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை.

அந்த சீசனின் மொத்தக் கணக்கு என்ன?

34 ஆட்டங்களைத் தொடங்கினார், அவற்றில் 28-ஐ அவரே எறிந்து முடித்தார். 22 வெற்றி, 9 தோல்வி. 304⅔ இன்னிங்ஸில் 198 ஹிட் (பேட்டர் பந்தை அடித்து ஓடி, பேஸ் எனும் நிறுத்தத்தைப் பிடிப்பது), 62 வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் பேஸ்), 11 ஹோம் ரன் (பேட்டர் எல்லாப் பேஸையும் சுற்றி வந்துவிடும் அடி) கொடுத்து 268 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது) எடுத்தார். எதிரணிகள் அடித்த ரன் 49. அதில் அவர் கணக்கில் ஏறியது 38. எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் முழு ஆட்டத்தையும் தனியாகவே முடித்த ஷட்அவுட்கள் 13. எதிர்த்து ஆடியவர்களின் பேட்டிங் சராசரி, அதாவது அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் ஹிட் ஆன விகிதம், .184.

ஈ.ஆர்.ஏ. என்றால் என்ன? 1.12 எப்படி வருகிறது?

பிட்சர் கணக்கில் ஏறும் ரன்களை 9 இன்னிங்ஸுக்கு (ஒரு முழு ஆட்டம்) எத்தனை என்று சொல்வதுதான் ஈ.ஆர்.ஏ., குறைவாக இருந்தால் நல்லது. ரன்களை 9-ஆல் பெருக்கி, எறிந்த இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். 38 × 9 = 342. அதை 304.667-ஆல் வகுத்தால் 1.1225. அச்சில் 1.12.

கிரிக்கெட் பழக்கத்தில் யோசிக்க வேறொரு வழி உண்டு. ஒரு இன்னிங்ஸில் 3 அவுட். ஆகவே 304⅔ இன்னிங்ஸ் என்பது 914 அவுட். 914 அவுட்டுக்கு 38 ரன், அதாவது ஏறத்தாழ 24 அவுட்டுக்கு ஒரு ரன். ஒரு முழு ஆட்டத்துக்கு 27 அவுட்தான் தேவை. ஆனால் இதைப் பந்துவீச்சுச் சராசரியோடு அப்படியே ஒப்பிட்டுவிடக் கூடாது. அங்கே வீசியவர் எடுத்த விக்கெட் மட்டும்தான் வகுக்கும் எண். இங்கே அவர் களத்தில் நின்றபோது விழுந்த எல்லா அவுட்டும் சேரும், ரன் அவுட் போன்றவை உட்பட.

ஸ்கோர் அட்டவணையில் 304.2 என்று இருக்கிறதே?

அது தசமம் இல்லை. புள்ளிக்குப் பின்னால் உள்ள 2, இரண்டு அவுட்டைக் குறிக்கிறது. கிரிக்கெட்டில் 19.4 ஓவர் என்றால் 19 ஓவரும் 4 பந்தும் என்பதைப் போல. எக்செல்லில் 304.2 என்று அப்படியே போட்டு வகுப்பவர்கள் நிறைய. கிப்சனுக்கு அதனால் சேதமில்லை, 1.124 என்று வந்து 1.12-ஆகவே நிற்கும். இன்னிங்ஸ் குறையக் குறைய அடி பலமாக விழும். ஒரு ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வருபவர்) 1.2 இன்னிங்ஸில் 1 ரன் கொடுத்தால் உண்மையான ஈ.ஆர்.ஏ. 5.40. தசமமாக எடுத்தால் 7.50 என்று காட்டும். அவுட்களை எண்ணி 27-ஆல் பெருக்கும் முறையில் இந்தத் தொல்லையே இல்லை.

49 ரன் அடித்தார்கள், 38 மட்டும் எப்படிக் கணக்கில் வந்தது?

மீதி 11 ரன் பீல்டர்களின் தவறால் வந்தவை என்று அதிகாரபூர்வ ஸ்கோரர் முடிவு செய்தவை. எர்ரரோ (பீல்டரின் தவறு), பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் விட்ட பாஸ்ட் பாலோ நடந்திருக்காவிட்டால் அந்த இன்னிங்ஸ் எப்படிப் போயிருக்கும் என்று ஸ்கோரர் மனத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார்ப்பார். மூன்றாவது அவுட் விழுந்திருக்க வேண்டிய இடத்துக்குப் பிறகு வரும் ரன் எதுவும் பிட்சர் தலையில் ஏறாது. இரண்டு அவுட் ஆன பிறகு ஷார்ட்ஸ்டாப் என்ற பீல்டர் ஒரு பந்தைத் தவறவிடுகிறார், அடுத்தவர் ஹோம் ரன் அடிக்கிறார் என்று வையுங்கள். வந்தது 2 ரன். பிட்சர் கணக்கில் பூஜ்யம், ஹோம் ரன் கொடுத்தது அவரே ஆனாலும்!

இது நியாயமா என்ற சண்டை பேஸ்பாலில் பழையது. தீர்ப்புக்கு இடமே தராத எண் வேண்டுமென்றால் 49-ஐயும் எடுத்துக்கொண்டு வகுங்கள்: 49 × 9 ÷ 304⅔ = 1.45. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதே நல்லது. 1.45-உம் அசுரத்தனமான எண்தான்.

இப்படி எறிந்தவர் 9 ஆட்டம் தோற்றது எப்படி?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பதில் ஒரே வரி: வெற்றி தோல்வி பிட்சர் கணக்கில் எழுதப்பட்டாலும், ரன் எடுக்க வேண்டியது அவருடைய அணி. தோற்ற அந்த 9 ஆட்டங்களில் மட்டும் அவருடைய ஈ.ஆர்.ஏ. 2.14. அந்த வருடம் கார்டினல்ஸ் ஆடிய நேஷனல் லீக்கின் (இன்னொன்று அமெரிக்கன் லீக்) சராசரியே 2.99. தோற்ற நாட்களில்கூட அவர் சராசரி பிட்சரைவிடத் தெளிவாக மேலே இருந்தார்.

மே மாதக் கடைசியில் அவர் கணக்கு 3 வெற்றி, 5 தோல்வி. அப்போது ஈ.ஆர்.ஏ. 1.52. மே 22-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் 2-0 என்று தோல்வி. எதிரில் எறிந்தவர் டான் டிரைஸ்டேல். அந்த வாரங்களில் அவரிடம் யாராலும் ரன் எடுக்க முடியவில்லை.

எல்லாவற்றிலும் பரிதாபமானது செப்டம்பர் 17, சான் பிரான்சிஸ்கோ. முதல் இன்னிங்ஸில் ரான் ஹன்ட் ஒரு ஹோம் ரன் அடித்தார். அந்த சீசன் முழுக்க ஹன்ட் அடித்ததே 2 ஹோம் ரன்தான். அதன் பிறகு கிப்சனிடம் ரன் வரவில்லை. ஆனால் ஜயன்ட்ஸ் பிட்சர் கேலார்ட் பெர்ரி கார்டினல்ஸுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. நோ-ஹிட்டர், 1-0. மறுநாள் அதே மைதானத்தில் கார்டினல்ஸின் ரே வாஷ்பர்ன் ஜயன்ட்ஸை நோ-ஹிட்டரில் மடக்கிப் பழி தீர்த்தார். கிப்சனின் தோல்வி தோல்வியாகவே நின்றது.

கேட்சர் டிம் மெக்கார்வர் பிற்பாடு கிண்டலாகச் சொல்வதுண்டு: கிப்சன் அதிர்ஷ்டக்காரர், எதிரணி ரன் எடுக்காத நாளாகப் பார்த்து எறிய வந்துவிடுகிறார் என்று. அந்த 9 ஆட்டங்களில் சொந்த அணியும் அதே நாட்களைத்தான் தேர்ந்தெடுத்திருந்தது போல.

22-உம் 9-உம் கூட்டினால் 31. தொடங்கியது 34 ஆயிற்றே?

மீதி 3 ஆட்டங்களில் அவருக்கு முடிவு எழுதப்படவில்லை. ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர்) வெளியேறிய பிறகு முன்னிலை கைமாறி ஆட்டம் முடிந்தால் வெற்றியோ தோல்வியோ வேறொருவர் பெயரில் போகும்.

முடிக்காத 6 ஆட்டங்களில் அடி வாங்கி வெளியேறினாரா?

இல்லை. அந்த வருடம் ஒரு முறைகூட அவரை இன்னிங்ஸ் நடுவில் மேனேஜர் மாற்றவில்லை. 6 முறையும் அவருக்குப் பதிலாக பிஞ்ச் ஹிட்டர் (மாற்று பேட்டர்) பேட்டிங்குக்கு அனுப்பப்பட்டார், அவ்வளவுதான். அப்போது இரண்டு லீகிலும் பிட்சரும் பேட் செய்தாக வேண்டும். பிட்சருக்காக வேறொருவர் பேட் செய்யும் டி.ஹெச். முறை அமெரிக்கன் லீகில் 1973-இல்தான் வந்தது. ரன் தேவைப்படும் கடைசி இன்னிங்ஸ்களில் பிட்சரின் முறை வந்தால் அவரை எடுத்துவிட்டு நல்ல பேட்டரை இறக்குவது வழக்கம்.

எங்களைக் கேட்டால் 1.12-ஐவிட வியப்பான தகவல் இதுதான். இதிலிருந்து இரண்டு விஷயம் தானாகவே கிடைக்கிறது. முதலாவது, வெளியேறும்போது பேஸில் விட்டுச் சென்ற ஆட்களை அடுத்த பிட்சர் ரன்னாக்கவிட்டால் அந்த ரன் பழைய பிட்சர் கணக்கில்தான் ஏறும். கிப்சன் நடுவில் போகவே இல்லை என்பதால், அவருடைய 38-இல் ரிலீஃப் பிட்சர் கெடுத்த ரன் ஒன்றுகூட இல்லை. முழுதும் சொந்தச் சரக்கு.

இரண்டாவது, 304⅔-இல் ஒட்டிக்கொண்டிருக்கும் ⅔. இன்னிங்ஸ் நடுவில் மாற்றப்படாதவருக்குப் பின்னம் எங்கிருந்து வந்தது? வெளியூர் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸில் எதிரணி வெற்றி ரன் எடுத்ததும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், மூன்று அவுட் விழும்வரை காத்திருக்காது. அவருக்குப் பின்னம் சேர வேறு வழி இல்லை. சின்ன வினாடி வினாவுக்கு நல்ல கேள்வி இது.

கம்ப்ளீட் கேம் (தொடங்கிய பிட்சரே முடிக்கும் ஆட்டம்) என்றாலே 9 இன்னிங்ஸ் என்று நினைப்பதும் தவறு. வெளியூரில் தோற்றால், இரண்டாவதாக பேட் செய்யும் உள்ளூர் அணி முன்னிலையில் இருக்கும்போது 9-ஆவது இன்னிங்ஸை ஆடவே தேவையில்லை. பெர்ரியிடம் தோற்ற நாளில் கிப்சன் எறிந்தது 8 இன்னிங்ஸ். மறுபுறம், அவர் 10 இன்னிங்ஸ் எறிந்த ஆட்டங்களும் உண்டு, செப்டம்பர் 2-இல் சின்சினாட்டியை 1-0 என்று வென்றது போல. இரண்டும் சேர்ந்துதான் சராசரி ஆட்டத்துக்கு ஏறத்தாழ 9 இன்னிங்ஸுக்கு வந்து நிற்கிறது.

கம்ப்ளீட் கேமில் லீகில் முதலிடம் அவர்தானே?

இல்லை. ஜயன்ட்ஸின் வான் மரிச்சால் அந்த வருடம் 30 முடித்தார், 26 ஆட்டம் வென்றார். ஈ.ஆர்.ஏ., ஸ்ட்ரைக்அவுட், ஷட்அவுட் மூன்றிலும் நேஷனல் லீகில் முதலிடம் கிப்சனுக்கு.

ஜூன் மாதத்தில் என்ன நடந்தது?

ஜூனில் 6 ஆட்டம், ஆறும் வெற்றி. ஜூன் 2-இல் நியூயார்க் மெட்ஸுக்கு 3 ரன் கொடுத்தார். பிறகு ஜூன் 6, 11, 15, 20, 26 என்று வரிசையாக ஐந்து ஷட்அவுட். மாதக் கணக்கு 54 இன்னிங்ஸுக்கு 3 ரன், ஈ.ஆர்.ஏ. 0.50.

ஜூலை 1-இல் லாஸ் ஏஞ்சலஸில் டிரைஸ்டேலுக்கு எதிராக இறங்கியபோது ரன் கொடுக்காத தொடர் 47 இன்னிங்ஸில் இருந்தது. முதல் இன்னிங்ஸில் இரண்டு அவுட் எடுத்த பிறகு ஒரு பந்து கேட்சருக்கு எட்டாமல் ஓடியது. மூன்றாவது பேஸில் நின்ற லென் கேப்ரியல்சன் ஓடி வந்துவிட்டார். அது வைல்ட் பிட்ச் என்று எழுதப்பட்டது. பாஸ்ட் பால் கேட்சரின் குறை, வைல்ட் பிட்ச் பிட்சரின் குறை, அதனால் அந்த ரன் அவர் கணக்கில் ஏறும். ஆட்டத்தை 5-1 என்று வென்றார்.

சில இடங்களில் 47 என்றும் சில இடங்களில் 47⅔ என்றும் இருப்பது அச்சுப்பிழை இல்லை. முடிவுற்ற இன்னிங்ஸை மட்டும் எண்ணுபவர்கள் 47 என்பார்கள். ஜூலை 1-இன் இரண்டு அவுட்டையும் சேர்ப்பவர்கள் 47⅔ என்பார்கள். டிரைஸ்டேலின் தொடரும் இதே குழப்பத்தில் மாட்டியது. அதே 1968 மே, ஜூனில் ஆறு தொடர் ஷட்அவுட்களோடு அவர் எட்டியது முதலில் 58⅔ என்று எழுதப்பட்டது, பிற்பாடு 58 ஆனது. 1988-இல் ஓரல் ஹெர்ஷைசர் 59-ஐத் தொட்டபோது இந்த ⅔ மறுபடி பேசப்பட்டது.

ஜூன் 2 முதல் ஆகஸ்ட் 19 வரை கிப்சன் தொடர்ந்து 15 வெற்றி பெற்றார். அதில் 10 ஷட்அவுட்.

1.12 எல்லாக் காலத்துக்குமான சாதனையா?

இல்லை. 1920-க்குப் பிறகு என்று சேர்த்துச் சொன்னால்தான் சரி. அதற்கு முன் பந்து மென்மையானது, அழுக்கேறும் வரை அதே பந்து ஓடும், ஹோம் ரன் அபூர்வம். 1914-இல் பாஸ்டனின் டச் லெனர்ட் 0.96. 1906-இல் சிகாகோ கப்ஸின் மூன்று விரல் பிரவுன் 1.04.

வால்ட்டர் ஜான்சனின் 1913 கதை கணக்குப்பிள்ளைகளுக்கு விருந்து. பல வருடம் புத்தகங்களில் அவர் ஈ.ஆர்.ஏ. 1.09 என்று இருந்தது, அதாவது கிப்சனைவிட மேல். இன்றைய கணக்கில் 1.14. காரணம் சீசனின் கடைசி ஆட்டம். வேடிக்கைக்காக ஆடப்பட்ட அதில் ஜான்சன் கொஞ்ச நேரம் எறிய வந்து இரண்டு பேருக்கு ஹிட் கொடுத்துவிட்டுப் போனார். இருவரும் ரன் ஆனார்கள். அந்த 2 ரன் முதலில் கணக்கில் சேரவில்லை. 346 இன்னிங்ஸுக்கு 42 என்றால் 1.09, 44 என்றால் 1.14.

கிப்சனின் நிலையும் நூலிழைதான். ஒரு ரன் கூடினால் அவருடைய எண் 0.03 ஏறும். 38-க்குப் பதில் 39 என்றிருந்தால் 1.15. ஜான்சனும், 1909-இல் 1.14 எடுத்த கிறிஸ்டி மாத்யூசனும் அவரை முந்தியிருப்பார்கள். 11 எர்ரர் ரன்களில் ஒன்றை ஸ்கோரர் வேறு மாதிரி எழுதியிருந்தால் போதும்.

1968-இல் எல்லாப் பிட்சரும் நன்றாக எறிந்தார்களே, அதைக் கழித்துப் பார்த்தால்?

பார்க்கத்தான் வேண்டும். அந்த வருடம் இரண்டு லீகும் சேர்த்து பேட்டிங் சராசரி .237. அமெரிக்கன் லீகில் .300-ஐத் தாண்டியவர் ஒரே ஆள், .301 எடுத்த கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி. ஈ.ஆர்.ஏ. 2-க்குக் கீழே முடித்தவர்கள் ஏழு பேர்.

ஒப்பிட உதவுவது ஈ.ஆர்.ஏ. பிளஸ். லீக் சராசரியைப் பிட்சரின் ஈ.ஆர்.ஏ.-வால் வகுத்து 100-ஆல் பெருக்கி, சொந்த மைதானம் பேட்டருக்கு உதவுமா பிட்சருக்கு உதவுமா என்று பார்த்துத் திருத்துவார்கள். 100 என்றால் சராசரி. கிப்சனுக்கு 2.99 ÷ 1.1225 × 100 = 266. மைதானத் திருத்தத்துக்குப் பின் 258.

பெட்ரோ மார்ட்டினெஸ் 2000-இல் எடுத்த 1.74 பார்வைக்கு அதிகம். ஆனால் அமெரிக்கன் லீக் சராசரி அப்போது 4.91. பாஸ்டனின் ஃபென்வே பார்க்கையும் கணக்கில் எடுத்தால் அவருக்கு 291. ஓர் இன்னிங்ஸின் தரத்தை மட்டும் பார்த்தால் பெட்ரோ முன்னே. அவர் எறிந்தது 217 இன்னிங்ஸ், கிப்சன் அதைவிட 87⅔ அதிகம். எது பெரியது என்பது உங்களுக்கு எது முக்கியம் என்பதைப் பொறுத்தது. அளவையும் சேர்த்து எடை போட்டால் எங்கள் தராசு கிப்சன் பக்கம்தான் சாயும்.

அவரால்தான் பிட்சர் மேட்டைத் தாழ்த்தினார்களா?

அவர் ஒருவரால் இல்லை. 1969-இல் பேட்டர்களுக்குச் சாதகமாக, பிட்சர் நின்று எறியும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். 1963 முதல் தோளின் உச்சிவரை இருந்த ஸ்ட்ரைக் எல்லையின் (பேட்டர் அடிக்காவிட்டாலும் பந்து ஸ்ட்ரைக்காக எண்ணப்படும் பகுதி) மேல்விளிம்பை அக்குளுக்கு இறக்கினார்கள். டெட்ராய்டின் டென்னி மெக்லெய்ன் 31 வெற்றி பெற்றது, டிரைஸ்டேலின் தொடர், லீக் முழுக்க வறண்ட ஸ்கோர் எல்லாம் சேர்ந்த விளைவு அது. ஒரு அணி ஓர் ஆட்டத்துக்கு எடுத்த ரன் 1968-இல் சராசரி 3.42, 1969-இல் 4.07. அதே வருடம் புதிதாக 4 அணிகள் சேர்ந்ததும் இதில் பங்கு வகித்தது, மேட்டை மட்டும் குறை சொல்ல முடியாது.

தாழ்ந்த மேட்டிலும் கிப்சன் 1969-இல் 20 வெற்றி, 2.18 ஈ.ஆர்.ஏ., மறுபடியும் 28 கம்ப்ளீட் கேம். 1970-இல் 23 வெற்றியோடு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது இரண்டாவது முறை.

உலகத் தொடர் ஆட்டங்களும் 1.12-இல் சேருமா?

சேராது. இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடர் அது. சீசன் கணக்கு தனி. டெட்ராய்டுக்கு எதிரான அந்தத் தொடரில் அவர் 3 ஆட்டம், 27 இன்னிங்ஸ், 5 ரன், ஈ.ஆர்.ஏ. 1.67. இரண்டையும் கூட்டினால் 331⅔ இன்னிங்ஸுக்கு 43 ரன், 1.17.

முதல் ஆட்டத்தில் 17 ஸ்ட்ரைக்அவுட். ஒன்பதாவது இன்னிங்ஸில் அல் கேலைன், நார்ம் கேஷ், வில்லி ஹார்ட்டன் மூவரையும் வரிசையாக எடுத்தார். தொடர் முழுக்க 35. நான்காவது ஆட்டத்தை 10-1 என்று வென்றபோது அவரே ஒரு ஹோம் ரன்னும் அடித்தார். ஏழாவது ஆட்டத்தில் ஜிம் நார்த்ரப் அடித்த பந்து கர்ட் ஃப்ளட் தலைக்கு மேல் போனது. மிக்கி லோலிச்சிடம் 4-1 என்று தோல்வி, கோப்பை டெட்ராய்டுக்கு.

17 என்ற சாதனைக்கு ஒரு தேதிப் பொருத்தம் உண்டு. முந்தைய சாதனையான 15-ஐ சாண்டி கோஃபாக்ஸ் எடுத்தது 1963 அக்டோபர் 2. கிப்சன் 17 எடுத்தது 1968 அக்டோபர் 2. கிப்சன் காலமானது 2020 அக்டோபர் 2.

இன்று யாராவது 1.12-ஐ முறியடிக்க முடியுமா?

எண்ணளவில் முடியும், அதற்கு 304 இன்னிங்ஸ் தேவையே இல்லை. ஈ.ஆர்.ஏ. பட்டத்துக்குத் தகுதி பெற, அணி ஆடும் ஓர் ஆட்டத்துக்கு ஓர் இன்னிங்ஸ் வீதம் 162 இன்னிங்ஸ் எறிந்தால் போதும். 162 இன்னிங்ஸில் 20 ரன்னுக்குள் அடக்கினால் 1.11. 21 ஆனால் 1.17, கதை முடிந்தது.

ஜேக்கப் டிகிராம் இரண்டு முறை இதன் பக்கம் வந்தார். 2018-இல் 217 இன்னிங்ஸில் 41 ரன், 1.70. கிப்சனைத் தொட அவர் 27-இல் நின்றிருக்க வேண்டும். அந்த வருடம் அவர் வெற்றி தோல்விக் கணக்கு 10-9, கிப்சனின் மே மாதத்தை ஞாபகப்படுத்தும். 2021-இல் அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.08. ஆனால் எறிந்தது 92 இன்னிங்ஸ் மட்டுமே, அதனால் தகுதிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

13 ஷட்அவுட், 28 கம்ப்ளீட் கேம் இரண்டையும் யாரும் தொடப்போவதில்லை. ஸ்டார்ட்டர் ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸில் இறங்கிவிடுவதே இப்போது நடைமுறை. பந்து எண்ணிக்கை நூறை நெருங்கினாலே புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் தயாராகும் இடம்) அடுத்தவர் கை உதற ஆரம்பித்துவிடுவார்.